குதிரையின் கடைவாயைப் பார்க்கத் தெரிந்தவர்

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மணலில் சவாரி விடுகிறவர்கள், கல்யாண மண்டபங்களுக்கு மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை அனுப்புகிறவர்கள், சவுக்குத் தோப்புக்கு நடுவே பண்ணை வீடு கட்டி ஆசைக்கு ஒன்றிரண்டு வளர்ப்பவர்கள், சவாரிப் பள்ளி நடத்துகிறவர்கள் என்று திருவிடந்தையைச் சுற்றிக் குதிரை வைத்திருப்போர் பல வகை. இவர்கள் எல்லோருடைய செல்பேசியிலும் லாடம் அடிப்பவரின் எண் இருக்கும். பல் பார்ப்பவரின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். "மனுசனே பல்லு வலிச்சாத்தான் சார் டாக்டர்கிட்ட போறான், குதிரைக்கு எதுக்கு?" என்ற பதில் வரும்.

மனிதன் வலித்தால் சொல்லிவிடுவான். குதிரை வலியை மறைத்தே பழகிய பிராணி. வேட்டை மிருகத்துக்குப் பயந்து வாழ்ந்த இனம் என்பதால், கன்னத்தின் உட்புறம் கிழிந்திருந்தாலும் தின்றுகொண்டுதான் இருக்கும். அது தின்பதை நிறுத்தும்போது கோளாறு பல மாதம் முற்றியிருக்கும்.

இந்தியாவில் குதிரைப் பல் மருத்துவர் என்று தனிப் பதிவேடு எதுவும் கிடையாது. பிரிட்டனில் கால்நடை மருத்துவர் அல்லாத குதிரைப் பல் தொழில்நுட்பர்களுக்கென்று தேர்வு இருக்கிறது. அமெரிக்காவில் கால்நடைப் பல் மருத்துவத்தில் குதிரைக்கென்றே சிறப்புச் சான்று பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். இங்கே நீங்கள் தேட வேண்டியவர், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்களில் குதிரையின் வாய்க்குள் அடிக்கடி கை விட்டுப் பழகிய ஒருவர். பலகையைப் பார்த்து அவரைக் கண்டுபிடிக்க முடியாது. விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் வாயைத் தெரிந்துகொள்ளுங்கள்

வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு நல்ல மருத்துவரையும் மோசமான மருத்துவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

குட்டிக்குப் பால் பல் 24. வளர்ந்த பெட்டைக்குப் பெரும்பாலும் 36 பல், ஆண் குதிரைக்குக் கோரைப்பல் நான்கும் சேர்ந்து 40. கடைவாய்ப்பல் வரிசைக்கு முன்னால், கடிவாள இரும்பு உட்காரும் இடத்தை ஒட்டி, சில குதிரைகளுக்குச் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சின்னப் பல் முளைத்திருக்கும். டாக்டர்கள் அதை உல்ஃப் டூத் என்பார்கள். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை பால் பல் ஒவ்வொன்றாக விழுந்து நிலைப்பல் வரும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு புதுப் பல் கிடையாது. வடநெம்மேலி முதலைப் பண்ணையில் படுத்திருக்கும் முதலைக்கு விழுந்த பல் ஆயுசு முழுக்கத் திரும்ப முளைக்கும். குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்குப் பதிலாக ஈறுக்குள், தாடை எலும்புக்கு உள்ளே, நீளமான இருப்புப் பல் இருக்கிறது. வெளியே தேயத் தேய, வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் என்ற கணக்கில் உள்ளிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். இந்த இருப்புத் தீர்ந்தால் பல் தீர்ந்தது. கூர்முனையை ராவ அரத்தை எடுத்து வாய்க்குள் விடுகிறவர் உங்கள் குதிரையின் கடைசிக் காலத்துச் சாப்பாட்டிலிருந்துதான் எடுக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். குதிரை பக்கவாட்டில் அரைத்துத் தின்கிறது. இதனால் மேல்வரிசைப் பல்லின் வெளி விளிம்பும் கீழ்வரிசையின் உள் விளிம்பும் சரியாக உரசாமல் விட்டுப்போகும். அந்த விளிம்புகள் கத்திபோல் கூராகி, மேலே கன்னத்தையும் கீழே நாக்கையும் கிழிக்கும். நீளமான பசும்புல் தின்னும்போது தாடை நன்றாக அகன்று அரைக்கும். கொள்ளும் தவிடும் அதிகமாகப் போட்டால் குறைவாக அசைந்தே விழுங்கிவிடும். ஆகவே நாள் முழுக்க மேயாமல் லாயத்தில் நின்று கொள்ளு தின்னும் குதிரைக்குத்தான் கூர்முனை சீக்கிரம் வரும். நம் கடற்கரைக் குதிரைகளில் பெரும்பாலானவை இந்த வகை.

இன்னொன்று கொக்கி. மேல்வரிசையின் முதல் பல்லின் முன்புறமும், கீழ்வரிசையின் கடைசிப் பல்லின் பின்புறமும் எதிர்ப்பல் இல்லாமல் நீண்டு கொக்கியாக வளரும். முன்னால் இருப்பதை உதட்டை ஒதுக்கினால் ஓரளவு பார்த்துவிடலாம். பின்னால் இருப்பது, வாயை இரும்புச் சட்டம் போட்டுத் திறந்து வைத்து, நெற்றி விளக்கோடு கண்ணாடியும் விட்டுப் பார்த்தால்தான் தெரியும். முன்கை முழுக்க உள்ளே போக வேண்டிய ஆழம் அது. "பார்த்தாச்சு, எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லும் பலர் அந்தப் பல்லைப் பார்த்ததே இல்லை. இந்த அத்தியாயத்தின் தலைப்புக்குக் காரணம் அதுதான்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, அதில் வைக்கோல் அடைந்து அழுகுவது மிகவும் வலிக்கும் நோய். வெளியே எதுவும் தெரியாது, வாய் மட்டும் நாறும். மேல்வரிசையின் கடைசி நான்கு பற்களின் வேர் முகத்து எலும்பறைக்கு அடியில் இருப்பதால், வேரில் சீழ் பிடித்தால் ஒரே மூக்குத் துளையில் நாற்றத்தோடு சளி வடியும். சளி மருந்து கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன குதிரைகளில் சிலவற்றுக்குக் குற்றவாளி பல்தான்.

எப்போது கூப்பிடுவது

மென்று உருட்டிய தீனியை விழுங்காமல் கீழே துப்புகிறது என்றால் அன்றைக்கே கூப்பிடுங்கள். தொட்டியடியில் வெற்றிலைச் சக்கை அளவில் ஈரமான புல்லுருண்டை கிடக்கும். தலையைச் சாய்த்துத் தின்பது, தண்ணீரில் வைக்கோலை முக்கித் தின்பது, சாணியில் கொள்ளு முழுசாக வருவது, நீள நீளமாக வைக்கோல் துண்டு வருவது, ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுப்பது, லகானை இழுத்தால் வாயைப் பிளந்து தலையை உதறுவது, நுரையில் ரத்தச் சுவடு இவையும் அறிகுறிகள்தான். கடைசி மூன்றுக்கும் கடற்கரையில் குதிரைக்குச் சவுக்கடிதான் கிடைக்கிறது. "முரண்டு பண்ணுது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். முரண்டு பண்ணும் குதிரையின் வாயைப் பார்க்காமல் அதன்மேல் கை ஓங்குவது அநியாயம்.

கன்னத்தின் வெளிப்புறத்தில், மேல்பல் வரிசை ஓடும் கோட்டில், விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் சடக்கென்று தலையை இழுத்தால் உள்ளே கூர்முனையோ புண்ணோ இருக்கலாம். இதற்கு மேல் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். வாய்க்குள் கையை விடாதீர்கள். கடைவாயில் மாட்டும் விரல் திரும்ப வராது.

கையை விடக் கூடாது என்பதற்கு விரலைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் நிற்கும் குதிரைக்குப் பல் கோளாறு என்று நினைத்துக் கையை விட்டுப் பார்ப்பவர்கள், அது வெறிநோயாக இருக்கலாம் என்பதை நினைப்பதில்லை. தெருநாய் நிறைந்த ஊர் இது. குதிரை தன்னையே கடிப்பது, பின்னங்கால் தள்ளாடுவது, சுபாவம் திடீரென்று மாறுவது இவற்றில் ஏதாவது கூட இருந்தால் யாரையும் அருகில் விடாமல் மருத்துவருக்குச் சொல்லுங்கள். எச்சில் ஏற்கெனவே மேலே பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தடுப்பூசிக்கு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கில் சளியும் தோலில் கட்டிகளும் சேர்ந்து இருந்தால் கிளாண்டர்ஸ் என்ற நோயா என்று சந்தேகப்பட வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். மூக்கு வழியாகத் தீனியே திரும்பி வந்தால் தொண்டைக் குழாயில் அடைப்பு. அது அவசரம், தீனி தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு உடனே கூப்பிடுங்கள். இளைப்பு மட்டும் இருந்தால் குடல் புழுவாகவும் இருக்கலாம், ரத்தத்தில் வரும் சர்ரா நோயாகவும் இருக்கலாம். நல்ல மருத்துவர் இளைத்த குதிரையைப் பார்த்ததும் அரத்தைத் தேட மாட்டார்.

எங்கே விசாரிப்பது

இந்தக் கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903இல் தொடங்கியது, 1989இலிருந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் போதனா மருத்துவமனையில் பெரிய பிராணிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. எக்ஸ்-ரே எடுக்க வேண்டும், பல்லைப் பிடுங்க வேண்டும், எலும்பறையில் சீழ் என்ற நிலைமைகளில் கடைசியாகப் போய்ச் சேர வேண்டிய இடம் அது. அங்கே குதிரையை ஏற்றிப் போவதற்கு முன்பே போய், அறுவை சிகிச்சைத் துறையில் குதிரை பார்ப்பவர் யார், எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துறையில் முதுநிலை படித்துவிட்டு வெளியே வந்து தனியாகப் பார்க்கிறவர்களின் பெயரும் அங்கேயே கிடைக்கும். கல்பாக்கத்துக்குத் தெற்கே இருப்பவர்கள் புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தையும் மனதில் வைக்கலாம்.

அடுத்த வழி கிண்டி. அங்கே குதிரைப் பந்தயம் 1777இலிருந்து நடந்துவந்திருக்கிறது. குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் அரசு அந்த இடத்துக்குச் சீல் வைத்த செய்தி எல்லோருக்கும் தெரியும். நிலத்தின் கதை என்ன ஆனாலும், அங்கே குதிரைகளோடு வாழ்ந்த மருத்துவர்களும் டிரெயினர்களும் குதிரையைப் பராமரிக்கும் சைஸ்களும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ரேஸ் குதிரை இரண்டு வயதில் ஓடத் தொடங்குகிறது. பால் பல் விழும் பருவமும் அதுதான். ஆகவே பல் பார்ப்பது அந்த உலகத்தில் வழக்கமான வேலை. சைஸிடம் கேளுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்வேன். எந்த டாக்டர் வந்தால் குதிரை நடுங்குகிறது, எந்த டாக்டர் வந்தால் சும்மா நிற்கிறது என்பது முதலாளியைவிடச் சைஸுக்குத்தான் தெரியும். சென்னை மாநகரக் காவல் துறையின் குதிரைப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது தெரிந்தவராக இருந்தால் அதுவும் நல்ல வழி.

உங்கள் பகுதி அரசுக் கால்நடை மருந்தக மருத்துவரை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் நாள் முழுக்க மாடும் ஆடும் பார்க்கிறவர். குதிரைப் பல் அரம் அவரிடம் இருக்காது. ஆனால் யாரிடம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ராத்திரி வயிற்றுவலி வந்தால் ஓடி வரப்போகிறவரும் அவர்தான். 1962 என்ற இலவச எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். அது அவசரத்துக்கு, பல் ராவுவதற்கு அல்ல.

யாருடைய பெயர் கிடைத்தாலும் பதிவைச் சரிபாருங்கள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் செய்யலாம். தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். கேட்டால் தயங்காமல் சொல்லுவார்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். மயக்க ஊசி போடுவது மருத்துவரின் வேலை. லாடம் அடிப்பவரோ, "ரேஸ் கோர்ஸ்ல இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவரோ ஊசிக் குப்பியைக் கையில் எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நல்ல குதிரை வைத்தியர் கிடைக்காமல் இந்த நாட்டில் குதிரைகள் சாவது பழைய கதை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். குதிரை விற்கும் வணிகர்கள் வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், செத்தால்தானே மறுபடி விற்கலாம் என்று காரணமும் சொல்கிறார். அவர் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் குதிரை விற்கிறவரே கூட்டிவரும் டாக்டரிடம் அந்தக் குதிரையின் பல்லைக் காட்டாதீர்கள் என்ற புத்திமதியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

போனில் பேசும்போது

"குதிரைக்கு உடம்பு சரியில்லை, வாங்க" என்று சொன்னால் எந்த மருத்துவரும் என்ன எடுத்து வருவார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், திருவிடந்தையிலருந்து பேசறேன். பெட்டைக் குதிரை, பன்னெண்டு வயசு சொன்னாங்க. ரெண்டு வாரமா புல்லை மென்னு மென்னு துப்புது. கொள்ளு அப்படியே சாணியில வருது. காய்ச்சல் இல்ல. டெட்டனஸ் ஊசி போன வருசம் போட்டது. சினை இல்ல." இதுவே பாதி நோயைச் சொல்லிவிடும்.

பிறகு நீங்கள் கேளுங்கள். "சார், வாயைத் திறந்து வைக்கிற சட்டம் உங்ககிட்ட இருக்குங்களா?" இந்த ஒரு கேள்வி போதும். இல்லை என்றால், அவர் எவ்வளவு நல்ல மருத்துவராக இருந்தாலும், கடைசிப் பல்லைப் பார்க்கப்போவதில்லை. நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பது முதல் பார்வைக்கு ஆகும், வைத்தியத்துக்கு ஆகாது. மயக்கம் கொடுத்துப் பார்ப்பீர்களா, கை அரமா மெஷினா, மெஷின் என்றால் தண்ணீர் விட்டுக் குளிர்விப்பீர்களா என்பவற்றையும் கேட்கலாம். குதிரைப் பல் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். "அதெல்லாம் உனக்கு எதுக்குப்பா" என்பவருக்கு நன்றி சொல்லி போனை வைத்துவிடுங்கள்.

ஒரு குதிரைக்காக வேப்பேரியிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ ஒருவர் வந்து போவது அவருக்கும் கட்டாது, உங்களுக்கும் கட்டாது. கோவளம், திருவிடந்தை, பட்டிப்புலம், சாளுவான்குப்பம், மாமல்லபுரம் என்று ஒரே சாலையில் இருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் பயணச் செலவைப் பங்கிடலாம். ஆனால் கூட்டம் சேர்த்துவிட்டு, "எல்லாத்தையும் மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க சார்" என்று அவசரப்படுத்தாதீர்கள். முறையாகப் பார்த்தால் ஒரு குதிரைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். காலையிலேயே இருபது குதிரையை முடித்துவிடுகிறேன் என்று வருபவர் இருபதையும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வேலை செய்வதைப் பாருங்கள்

நிழலான சமதரை, இரண்டு வாளித் தண்ணீர், குதிரைக்குப் பழகிய ஒரு ஆள். இவ்வளவுதான் நீங்கள் செய்ய வேண்டிய ஏற்பாடு. மணலில் நிறுத்த வேண்டாம். மயக்கத்தில் கால் புதைந்து தடுமாறும்.

நல்லவர் வந்ததும் வாய்க்குப் போக மாட்டார். முதலில் ஒரு கைப்பிடி புல் போடச் சொல்லி அது தின்பதைப் பார்ப்பார். சாணியைக் காலால் தட்டிப் பார்ப்பார். உடம்பு முழுக்கத் தடவி, முகத்தின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று நேர்முன்னால் நின்று பார்ப்பார். கடிவாளத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர் இன்னும் நல்லவர். வடக்கிலிருந்து வரும் முள் வைத்த கடிவாள இரும்பு இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதை வைத்து ஓட்டுவது 1965ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு விதிகளின்படி குற்றம். பல்லை ராவிவிட்டு அந்த முள்ளையே திரும்பப் போடுவதானால் மருத்துவர் வந்ததே வீண்.

மயக்கத்துக்கு முன் இதயத்தில் ஸ்டெதஸ்கோப் வைப்பார். ஊசி போட்டு, குதிரை தலையைத் தொங்கவிடும்வரை காத்திருப்பார். இந்தக் காத்திருப்பில்தான் பலருடைய பொறுமை போய்விடுகிறது. பாதி மயக்கத்தில் சட்டத்தை மாட்டினால் குதிரை தலையை வீசும். வாயில் மாட்டிய அந்த இரும்போடு தலை வந்து மோதினால் மண்டை உடையும். யாரும் நேர்முன்னால் நிற்கக் கூடாது. பிறகு வாயைக் கழுவி, விளக்கு போட்டு, நான்கு வரிசையையும் ஒவ்வொரு பல்லாகக் கையால் தடவி வருவார். எண்களைச் சொல்லி யாரையாவது எழுதச் சொல்வார். வலப்பக்க மேல்வரிசை 101இல் தொடங்கும், இடப்பக்க மேல் 201, இடப்பக்கக் கீழ் 301, வலப்பக்கக் கீழ் 401. உலகம் முழுக்க இதே எண்தான். "411ல கொக்கி" என்று அவர் சொன்னால் வலது கீழ்வரிசைக் கடைசிப் பல் என்று புரிந்துகொள்ளலாம். உங்களையும் கூப்பிட்டுக் காட்டுவார். காட்டாவிட்டால் கேளுங்கள்.

அரத்தை எடுக்கும் முன் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்கிறாரா என்பதுதான் என்னுடைய முக்கியமான அளவுகோல். கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும் விளிம்பை மட்டும் எடுக்க வேண்டும். அரைக்கும் மேற்பரப்பைத் தொடக் கூடாது, தொட்டாலும் கொஞ்சமாகத்தான். கொத்தாத அம்மியில் மசாலா வழுக்குவதுபோல, வழவழப்பாக ராவிய பல்லில் வைக்கோல் வழுக்கும். எல்லாப் பல்லையும் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு "பாருங்க எப்படி பாலிஷா இருக்கு" என்று பெருமைப்படுகிறவர் கெடுதல் செய்திருக்கிறார். பெரிய கொக்கியையும் அலைபோல் மேடுபள்ளமான வரிசையையும் ஒரே நாளில் சமமாக்க முயல்வதும் தப்பு. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பல்லின் உயிர்ச்சதை இருக்கிறது; அதைத் திறந்துவிட்டால் பல் செத்துப்போகும். மெஷினில் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூட்டிலேயே சாகும். இன்றைக்குக் கொஞ்சம், நாலைந்து மாதம் கழித்து மீதி என்று சொல்பவர் காசுக்காக இழுக்கிறார் என்று நினைக்காதீர்கள். முன்பல்லை வெட்டிச் சமப்படுத்தலாம் என்று தானாக ஆரம்பிப்பவரிடம்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

ஆடும் பல்லோ, சீழ் வைத்த பல்லோ கண்டால் குறடு தேடாமல் எக்ஸ்-ரே கேட்பவர் நல்ல மருத்துவர். "இது என்னால ஆகாது, வேப்பேரிக்கு எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால் அவர் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை முடிந்து மயக்கம் முழுசாகத் தெளியும்வரை, குறைந்தது ஒன்றிரண்டு மணி நேரம், எதையும் தின்னவிடாதீர்கள். அரைமயக்கத்தில் தின்றால் தொண்டையில் அடைக்கும். அன்றைக்குச் சவாரி கிடையாது. மறுநாள் நனைத்த தவிடும் பசும்புல்லும் போதும். இரண்டு நாளுக்கு மேல் சரியாகத் தின்னவில்லை என்றால் போன் செய்யுங்கள். அதற்கு அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்கிறாரா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா வரும் குதிரை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ரேஸ் குதிரையை யாராவது சும்மா கொடுத்தால் கட்டாயம் பல்லைப் பிடித்துப் பாருங்கள். வயதும் தெரியும், வரப்போகும் செலவும் தெரியும். மேல் முன்பற்களில் ஓரத்துப் பல்லில் சுமார் பத்து வயதில் ஈறோரமாக ஒரு பள்ளக் கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல்லுக்கு வரும், இருபதில் முழுக்க ஓடும், பிறகு மேலிருந்து மறையத் தொடங்கும். இது தோராயம்தான். பத்து வயதுக்கு மேல் பல்லை வைத்து அடித்துச் சொல்லும் தரகரை நம்பாதீர்கள். பல்லின் குழியைக் குடைந்து கறுப்பேற்றி வயதைக் குறைத்து விற்கும் வித்தையும் உலகமெங்கும் உண்டு.

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களில் ஒன்றுக்கு நகுல சகாதேவர் பெயர். பாரதத்தில் நகுலன் குதிரை வைத்தியம் அறிந்தவன். அவன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952இல் படங்களோடு அச்சிட்டிருக்கிறது. அந்த ரதத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் எத்தனைக்கு வாய் பார்த்திருக்கிறார்கள் என்று விசாரித்தால் வருத்தமாக இருக்கும்.

எந்த மாதம், எத்தனை தடவை

ஐந்து வயதுக்குள் இருக்கும் குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. வாய் நிறைந்த பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. இருபதைத் தாண்டியதற்கும், முன்பே கோளாறு கண்டதற்கும் மறுபடி ஆறு மாதம். கிழக் குதிரைக்கு ராவ எதுவும் மிஞ்சியிருக்காது. அப்போது பார்ப்பது ஆடும் பல்லையும் புண்ணையும்தான், அதோடு தீனியை நனைத்து மெதுவாக்கிக் கொடுக்கும் முறையையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கரைக்கு ஆவணி, புரட்டாசி தோதான மாதங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மயக்க ஊசி போடுவது குதிரைக்குக் கஷ்டம். வேறு வழியில்லை என்றால் விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துவிடும். மார்கழியில் நாட்டிய விழாக் கூட்டம், அடுத்துக் காணும் பொங்கல் கூட்டம் என்று சவாரிக்காரர்களுக்கு ஒரு நாள்கூட விட மனம் வராது. ஆகவே மழைக்கு முன்பே பக்கத்து லாயக்காரர்களிடம் பேசி ஒரு தேதியைக் குறியுங்கள். மருத்துவர் எழுதிய பல் சீட்டைத் தடுப்பூசிப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள். அவர் வண்டியில் ஏறும் முன் அடுத்த வருடத் தேதியையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.